கேளுங்க, சொல்றேன்: நாற்பதும் வந்தது, அப்புறம்?

திருநகர் வாசகி: 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரி சேர்த்து 40 தொகுதியும் ஒரே அணிக்கு, தி.மு.க. கூட்டணிக்கு. நான் ஓட்டுப் போட்டவரும் ஜெயித்தார். ஆனால் டெல்லியில் ஆட்சி மாறவில்லை. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

ரெண்டும் சேர்ந்தே இருக்கட்டும் தாயி. ‘நாற்பதும் நமதே, நாடும் நமதே’ என்றார்கள். முன்பாதி மட்டும் பலித்தது. ஓட்டு எண்ணிய ஜூன் 4 அன்று மதுரை சிம்மக்கல்லில் நான் டீ குடிக்கும் கடையில், உள்ளூர் நிலவரம் ஓடும்போது கரை வேட்டிக்காரர்கள் வாசலில் சரம் கொளுத்தினார்கள். டெல்லிக் கணக்கு வந்ததும் ரிமோட் கைமாறிக்கொண்டே இருந்தது, சேனலை மாற்றினால் எண்ணும் மாறிவிடும் என்பதுபோல. பா.ஜ.க. 240, அதன் கூட்டணி 293, எதிரணி 234. ‘பெரும்பான்மைக்கு வேண்டிய 272 தனியா வரலையே’ என்று இவர்களுக்கு ஓர் ஆறுதல். பக்கத்து மேசையில் தாமரைக்குப் போட்டவருக்கு ஆட்சி நின்ற நிம்மதி. ஆனால் 400 என்று சொல்லிவிட்டு இப்படி ஆச்சே என்று எரிச்சல். முழுசாகச் சிரித்தவர், வடை பூராவும் விற்றுத் தீர்ந்த கடைக்காரர் ஒருவர்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. 40 பேரை அனுப்பிய நாம் எதிர் வரிசையில். 16 வைத்திருக்கும் தெலுங்கு தேசமும், 12 வைத்திருக்கும் ஐக்கிய ஜனதா தளமும் இல்லாமல் ஆட்சி நிற்காது. ஜூலை பட்ஜெட்டில் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய். நிதியமைச்சர் உரையில் தமிழ்நாடு என்ற பேரே இல்லை. ‘நாமும் அந்தப் பக்கம் போயிருக்கலாம்’ என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மதுரையை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நட்டது 2019 ஜனவரியில். அடுத்த மாதமே அன்றைய மாநில ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் கூட்டணி. கட்டட வேலை தொடங்கியதோ 2024 மார்ச்சில், தேர்தல் தேதி அறிவிக்கப்போகும் நேரத்தில்! இதற்கிடையில் 2022-ல் மதுரை எய்ம்ஸில் சேர்ந்த பிள்ளைகள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டி வந்தது.

வில்லாபுரம் வாசகர்: இந்த எய்ம்ஸை நம் மதுரை எம்.பி.யிடம்தானே கேட்க வேண்டும்?

கேளுங்கள் தம்பி, ஆனால் தோப்பூர் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. திருப்பரங்குன்றம், திருமங்கலம் சட்டமன்றத் தொகுதிகள் இரண்டும் அங்கேதான். முதல் கேள்வி கேட்ட திருநகர் அம்மா மதுரை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார், எம்.பி. மட்டும் விருதுநகர்! சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு. ஆக, நம் மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள். மூவருக்கும் ஒரே கடிதம் போடுங்கள். எம்.பி. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் சபையில் கேள்வி எழுப்ப உரிமை உண்டு. ‘எய்ம்ஸ் எப்போது வரும்?’ என்று கேட்காதீர்கள், ‘விரைவில்’ என்று பதில் வரும். வெளிநோயாளிப் பிரிவு எந்த மாதம் திறக்கும், ராமநாதபுரத்துப் பிள்ளைகள் எந்தக் கல்வியாண்டில் தோப்பூர் வருவார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நழுவ இடம் கொடுக்கக் கூடாது.

திருமங்கலம் வாசகர்: நான் ஒருவன் ஓட்டுப் போடாததால் என்ன குறைந்துவிட்டது?

உங்கள் விருதுநகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 4,379 ஓட்டு. ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த இடத்தில் அது நாலைந்து பூத் கூட்டம். 2019-ல் மதுரைத் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்தன. மதுரைத் தொகுதிக்கு இரவு 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள். தேர் இழுத்த வேர்வையோடு வந்து வரிசையில் நின்றவர்கள் உண்டு. உங்களுக்கு இந்தத் தடவை என்ன தேர் தம்பி?

ஒத்தக்கடை வாசகர்: மத்தியில் அதே ஆட்சி என்பதால் மெட்ரோ சீக்கிரம் வருமா? ரோட்டோரம் இரண்டு சென்ட் இருக்கிறது.

ஒத்தக்கடையிலிருந்து திருமங்கலம் வரை சுமார் 32 கிலோமீட்டர் என்று திட்ட அறிக்கை டெல்லிக்குப் போனது. போனது அறிக்கைதான், ரயில் இல்லை. புரோக்கர் சொல்லும் விலையை நம்பி இப்போதே அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.