வாத்தியார் பாடிக் காட்டிய பாட்டு

இசைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பேரன், டாம் வெய்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் 'தி பிளாக் ரைடர்' ஆல்பத்தை வாங்கி அனுப்பியிருக்கிறான். ஒரு மேடை நாடகத்தின் பாட்டுகளாம். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த எனக்கு நாடகப் பாட்டு புதிதல்ல. ஆனாலும் இரண்டு முறை கேட்டும் கதை பிடிபடவில்லை. இதை எப்படித்தான் கேட்பது?
— ஒரு பெரியவர், தேவகோட்டை

பதில்: ஐயா, கதை பிடிபடாதது உங்கள் குறையன்று. அந்த ஆல்பம் கதை சொல்வதற்காக எடுக்கப்பட்டதே இல்லை. இருந்தாலும் கதையை ஒருமுறை கேட்டுவிடுங்கள். வள்ளி திருமணம் அறிந்தவருக்கு அது மிக அருகில் வரும். ஒரு குமாஸ்தா, காட்டதிகாரியின் மகளை விரும்புகிறான். பெண்ணின் தந்தைக்கோ வேட்டையாடத் தெரிந்தவன்தான் மருமகனாக வேண்டும். குறி தவறாத மந்திரத் தோட்டாக்களைச் சாத்தானிடமிருந்து அவன் பெறுகிறான்; கடைசித் தோட்டா மட்டும் சாத்தானின் விருப்பப்படி பாயும் என்பது ஒப்பந்தம். திருமண நாளில் அது மணப்பெண்ணின் மேல் பாய்கிறது. நம் நாடகத்திலும் பெண் வேடர் தலைவனின் மகள்தான், அவளைத் தேடி வருபவனும் வேடன் உருவில்தான் வருகிறான். ஆனால் அங்கே வேடம் போட்டு வருவது தெய்வம் என்பதால் எல்லாம் மங்களமாக முடிகிறது.

இது ஜெர்மானிய நாட்டுப்புறக் கதை. இதை வைத்து ஜெர்மானிய இசையமைப்பாளர் வெபர் இயற்றிய ஓபரா என்னும் இசைநாடகம் 1821-இல் பெர்லினில் அரங்கேறியது. வெய்ட்ஸின் பாடல்களோடு கூடிய நாடகம் 1990-இல் ஹாம்பர்க் நகரின் தாலியா நாடக அரங்கில் மேடையேறியது. இயக்கம் ராபர்ட் வில்சன். உரை எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ். இந்தப் பரோஸ், 1951-இல் மெக்ஸிகோ நகரில், தம் மனைவியைத் தம் கையாலேயே சுட்டுக் கொன்றுவிட்டவர் என்பதை அறிந்தபின், குறி மாறிப் பாயும் தோட்டாவைப் பற்றிய வரிகளைச் சாதாரணமாகக் கேட்க என்னால் முடிந்ததில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹாம்பர்க் மேடையில் இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் நடிகர்கள். 1993-இல் வெளிவந்த ஆல்பத்திலோ, பரோஸ் பாடும் ஒன்றை விட்டால், பாட்டுகளைப் பாடுபவர் அவற்றை இயற்றியவரே. சாத்தானும் காதலனும் ஒரே தொண்டையிலிருந்து பேசுகிறார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், இது நாடகமன்று, வாத்தியார் பாடிக் காட்டுவது. நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918-இல் சிறுவர்களைக் கொண்டு பால சபை தொடங்கி, நாரதர் பாட்டையும் வள்ளி பாட்டையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாரே, அந்தக் கூடத்துக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து கேட்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே ஒப்பனையும் திரையும் இராது. பாட்டு எப்படி நிற்க வேண்டும் என்று அதை ஆக்கியவரின் மனத்தில் இருந்ததோ, அது மட்டுமே இருக்கும்.

கேள்வி: ஆர்மோனியம் வாசிப்பவன் நான். இந்த ஆல்பத்தில் சுருதி வேண்டுமென்றே கலைக்கப்பட்டதுபோல் கேட்கிறது. குரலும் அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. இதுதான் சோதனை முயற்சியா?
— ஒரு வாசகர், புதுவயல்

பதில்: வில்சனின் மேடை, ஒளியாலும் மிக மெதுவான அசைவுகளாலும் கட்டப்பட்டது. இசைத்தட்டில் ஒளி கிடையாது. அந்த வேலையை வாத்தியங்களே செய்ய வேண்டியிருக்கிறது. மரம் அறுக்கும் ரம்பத்தை வில்லால் இழைத்து எழுப்பும் நடுங்கும் ஒலி அதில் ஒன்று. உங்கள் ஆர்மோனியப் பெட்டிக்கு அண்ணன் முறையான, காற்றடித்து வாசிக்கும் ஆர்கனும் இருக்கிறது. ஓர் இசைத்துண்டில் தரையை மிதிக்கும் காலணிகளே தாளம். தொடக்கத்தில் ஒருவர் வேடிக்கைக் கூடாரத்து வாசலில் நின்று கூட்டத்தை உள்ளே அழைப்பார். நம் பபூன் வந்து சபையைக் கலகலப்பாக்கும் இடம் அது.

குரலைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கி வராத நாளில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்று நம்மவர்கள் உச்சக் கட்டையில் பாடினார்கள். வெய்ட்ஸோ குரலைச் சுருக்கி, நசுக்கி, நாடகத்திலிருந்து பிறந்த தம் 1987-ஆம் ஆண்டு ஆல்பத்திலேயே மெகாபோன் வழியாகவும் பாடிப் பார்த்தவர். எனக்கு இது எல்லா இடத்திலும் உவப்பாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் கரகரப்பே வேடமாகிப் பாட்டை மறைத்துவிடுகிறது. சுருதி கலைந்ததாக நீங்கள் சொல்வதை மட்டும் குறையாக ஏற்க மாட்டேன். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நம் வாத்தியங்களும் அப்படித்தானே ஒலிக்கின்றன?

கேள்வி: எங்கள் வளவு வீட்டுப் பெட்டகத்தில் பழைய நாடக இசைத்தட்டுகள் கிடக்கின்றன. அவையும் இந்த வெய்ட்ஸ் ஆல்பமும் ஒன்றுதானா?
— ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: உறவுதான், ஒன்றல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கொள்ளும். மேடையில் ஆலாபனையோடு நீண்டுகொண்டே போகும் பாட்டு, அந்த அளவுக்குத் தறிக்கப்பட்டது. நாடகப் பாடகர் கிட்டப்பாவின் 'காயாத கானகத்தே' வள்ளியை நோக்கி வேடன் பாடுவது என்று அறியாதவரும் அதைக் கேட்டு உருகினார்கள். தட்டு வழியாகப் பரவியபோது பாட்டு நாடகத்தைவிட்டுத் தனியே வாழக் கற்றுக்கொண்டது. அந்த இசைத்தட்டு வணிகத்திலிருந்துதான் காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் திரைப்படத்துக்குப் போனார். வெய்ட்ஸுக்கு நேர நெருக்கடி இல்லை. 20 துண்டுகளையும் தம் விருப்பப்படி அமைத்தார். ஆகவே, உங்கள் தட்டுகளில் இருப்பவை வெட்டி எடுத்தவை, அவருடையவை திரும்பச் செய்தவை. தட்டுகளை வெயில் படாமல் நிறுத்தி வையுங்கள், ஆச்சி; படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும்.

கேள்வி: டாம் வெய்ட்ஸின் வேறு நாடக ஆல்பங்கள்?
— ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: 2002-இல் இரண்டு ஒன்றாக வந்தன. 'ஆலிஸ்', 1992-இல் ஹாம்பர்க்கில் நடந்த நாடகத்தின் பாட்டுகள். 'பிளட் மணி', ஜெர்மானியரான கேயார்க் பூக்னர் முடிக்காமல் விட்டு 1837-இல் மறைந்த 'வாய்செக்' நாடகத்துக்காக, 2000-இல் கோபன்ஹேகன் மேடைக்கு எழுதியவை. இரண்டிற்கும் இயக்குநர் வில்சனே. பாடல்களில் வெய்ட்ஸின் மனைவி கேத்லீன் பிரென்னனுக்கும் பங்குண்டு. 'ஆலிஸ்' மென்மையானது, இரவில் முதலில் அதையே கேளுங்கள்.