கேள்வி பதில்: எது கில்லாடி?

கேள்வி: மஸ்கட் கடற்கரையில் கடற்காகங்கள் உப்புத் தண்ணீரையே குடிக்கின்றன. உள்ளே பாலைவனத்தில் ஓரிக்ஸ் மான் வாரக்கணக்கில் தண்ணீரே குடிக்காமல் இருக்குமாம். இரண்டில் எது கில்லாடி?
– ஓமனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: என் ஓட்டு ஓரிக்ஸுக்குத்தான். கடற்காகத்துக்குப் பிறவியிலேயே ஒரு கருவி அமைந்துவிட்டது, ஓரிக்ஸ் சிக்கனத்தை வைத்தே காலம் தள்ளுகிறது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாம் குடித்தால், அந்த உப்பைக் கழிக்கக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாகும். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே மண்டையோட்டுப் பள்ளத்தில் ஒரு ஜோடி உப்புச் சுரப்பி இருக்கிறது. அது ரத்தத்திலிருக்கும் உப்பைப் பிரித்து, கடல் நீரைவிடக் கரிக்கும் திரவமாக்கி மூக்குத் துவாரம் வழியே தள்ளிவிடும். அடுத்த முறை மத்ரா மீன் மார்க்கெட் பக்கம் போனால் அலகு நுனியைப் பாருங்கள், சளி பிடித்த குழந்தை மாதிரி சொட்டும், தலையை ஓர் உதறு உதறும். இவ்வளவு வசதி இருந்தும் நல்ல தண்ணீர் கிடைத்தால் அதைத்தான் முதலில் குடிக்கும்!

சரி, ஓரிக்ஸ். கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் இருக்கிறதே, அதேதான். கோடையில் பகல் முழுக்க மர நிழலில், மேல் மண்ணைப் பறித்துவிட்டுக் குளிர்ந்த மண்ணில் படுத்துவிடும். உடம்பு சூடாவதைத் தடுக்க வியர்த்துத் தண்ணீரை வீணாக்காமல் சில டிகிரி ஏறட்டும் என்று விட்டுவிடும், ராத்திரிக் குளிரில் அந்தச் சூடு தானாக இறங்கிவிடும். மேய்ச்சலும் பெரும்பாலும் இரவிலும் விடிகாலையிலும்தான், ஏனென்றால் பகலில் சருகாகக் கிடக்கும் புல்கூட இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம், ஓரிக்ஸ் மேயும் ஓமனின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளிக்கு அரபிக் கடலிலிருந்து மூடுபனி வந்து செடிகளில் படியும். அதாவது ஓரிக்ஸும் குடிப்பது கடல் தண்ணீரைத்தான், உப்பு நீக்கும் வேலையை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன.

இந்தச் சாமர்த்தியமெல்லாம் ஜீப்பில் துப்பாக்கியோடு வந்தவர்களிடம் எடுபடவில்லை. 1972-ல் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடைப்பில் வளர்த்தவற்றை 1982-ல் அதே சமவெளியில் திரும்ப விட்டார்கள், பெருகின, மறுபடியும் திருட்டு வேட்டை. அங்கே இருந்த ஓரிக்ஸ் சரணாலயத்தின் பரப்பையும் ஓமன் அரசு 90 சதவீதம் வெட்டியதால், 2007-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.