சொல் சந்தேகம்: டூப், குவிட், விக்கெட்

சினிமாவில் ஹீரோவுக்குப் பதிலாகக் குதிப்பவர் 'டூப்'. மகள் புதிதாக வாங்கிய லிப்ஸ்டிக்கையும் 'டூப்' என்கிறாள். அகராதியோ 'ஏமாந்தவர்' என்கிறது. எது சரி?
– வாசகி, மதுரை

மூன்றும் சரி. ஆனால் ஒரே எழுத்துகளில் இரண்டு தனிச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. பழைய சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது கொண்டலாத்திப் பறவையின் பெயர். பார்க்க அசடுபோல் இருக்கும் என்று நினைத்து, ஏமாளிக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். (பாவம், பறவை.) கவனியுங்கள்: பெயர்ச்சொல்லாக வந்தால் ஏமாந்தவர்தான், ஏமாற்றியவர் அல்ல. மோசடிக்காரர் ஒருவரை ஆங்கிலத்தில் 'டூப்' என்று எழுதினால், அவர் அப்பாவி என்று நீங்களே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். வினைச்சொல்லாக வரும்போதுதான் 'ஏமாற்று' என்ற பொருள்.

இன்னொன்று 'டூப்ளிகேட்' என்பதன் குறுக்கம். ஃபிலிம் லேபில் பிரதி எடுத்த நெகட்டிவை 'டூப் நெகட்டிவ்' என்பது அந்த வகை. மகள் சொல்வதும் அதுதான்: விலையுயர்ந்த கம்பெனியின் நிறத்தையும் பூச்சையும் ஒத்து, வேறு பெயரில் குறைந்த விலைக்கு வரும் பொருள். அந்தக் கம்பெனியின் பெயரையும் லோகோவையும் திருடி ஒட்டியிருந்தால் அது டூப் அல்ல, 'கவுன்ட்டர்ஃபிட்', அதாவது போலிச் சரக்கு. முன்னதைக் கடையில் வெளிப்படையாக விற்பார்கள். பின்னது சட்டப்படி குற்றம்.

சண்டைக்காட்சி டூப்பை ஆங்கிலத்தில் 'ஸ்டன்ட் டபுள்' என்றும், முகம் தெரியாத மற்றக் காட்சிகளில் நடிப்பவரை 'பாடி டபுள்' என்றும் சொல்லுங்கள். 'டூப் விடாதே' நம் ஊர்ச் சரக்கு. மொழிபெயர்க்க முயல வேண்டாம்.

லண்டனில் படிக்கும் மகன், அறை வாடகை வாரத்துக்கு 150 'குவிட்' என்று எழுதுகிறான். அகராதியில் 'வாயில் அதக்கும் புகையிலை' என்று பார்த்துப் பதறிவிட்டேன்.
– வாசகர், கும்பகோணம்

பதற வேண்டாம், பவுண்டுதான். அதே பக்கத்தில் அடுத்த தலைச்சொல்லைப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். நீங்கள் பார்த்த குவிட், வாயில் அடக்கி மெல்லும் உருண்டை. மருத்துவக் கட்டுரைகளில் வரும் 'பீட்டல் குவிட்' நம்முடைய தாம்பூலமேதான்.

பண குவிட்டுக்குப் பன்மையிலும் 'எஸ்' சேராது: ஒன்றும் குவிட், ஐம்பதும் குவிட். 'ஃபிஃப்டி குவிட்ஸ்' என்றால் காதில் 'க்விட்ஸ்' என்று விழும். அது 'கணக்குத் தீர்ந்தது, இனி பாக்கியில்லை' என்ற வேறு சொல். 'லாபத்தில் இருக்கிறேன்' என்பதற்கான 'குவிட்ஸ் இன்' என்ற தொடரில் மட்டும் எஸ் உண்டு. ஆயிரத்தைக் குறிக்கும் 'கிராண்ட்' என்ற சொல்லுக்கும் எஸ் கிடையாது. அமெரிக்க 'பக்' மட்டும் இதற்கு நேரெதிர்: டென் பக்ஸ். ஆண்மானுக்கும் அதே பெயர். பெண்மான் 'டோ', அதே ஒலியுள்ள இன்னொரு 'டோ' பிசைந்த மாவு, கொச்சையில் பணம்!

'சிக்ஸ் குவிட்' என்று வேகமாகச் சொன்னால் 'சிக் ஸ்குவிட்', அதாவது சீக்காளிக் கணவாய், என்று கேட்கும். ஆங்கிலேயர்களின் அரதப்பழசான கடி ஜோக் இது. பேச்சில் குவிட் தாராளமாகப் போகட்டும். வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கடிதத்திலும் பவுண்டு என்றே எழுதச் சொல்லுங்கள்.

'பேர் வித் மீ' என்று மெயில் அனுப்பினேன். மேலாளர் சிரிக்கிறார்.
– வாசகர், கோவை

'பி, ஏ, ஆர், இ' என்று எழுதியிருப்பீர்கள். அதற்கு அம்மணம் என்று பொருள். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு 'பி, இ, ஏ, ஆர்', கரடிக்குரிய அதே எழுத்துகள். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் ஸ்பெல்-செக் சிவப்புக்கோடு போடாது. லண்டன் இளவட்டங்களின் கொச்சையில் அந்த அம்மணச் சொல்லுக்கே 'ஏகப்பட்ட' என்று பொருள். அலுவலகத்தில் அது எடுபடாது.

'விக்கெட்', 'விக்கிட்' இரண்டும் ஒன்றா?
– வாசகர், சேலம்

இல்லை. டி-யில் (T) முடிவது கிரிக்கெட் சொல். அதன் மூலப்பொருள் பெரிய கதவையொட்டிய சிறு வாசல். 'ஈடி'யில் (ED) முடியும் விக்கிட்டுக்கு அகராதியில் 'கொடிய' என்றும் கொச்சையில் 'அட்டகாசம்' என்றும் பொருள். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் 'ரொம்ப' என்பதற்கும் இதைப் போடுவார்கள்: 'விக்கிட் குட்'.

ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் இருக்கிறது. எதை எடுப்பது?
– வாசகி, நாகர்கோவில்

முதலாவதை எடுக்கும் பழக்கம்தான் வில்லங்கம். அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டரில் பொருள்கள் வரலாற்று வரிசையில் வரும். முதலில் நிற்பது மிகப் பழையதாக, வழக்கொழிந்ததாகக்கூட இருக்கலாம். கற்பவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அகராதியில் அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். தலைச்சொல்லின் தோளில் 1, 2 என்று சிறிய எண் இருந்தால் அவை வேறுவேறு சொற்கள், எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு பொருளுக்கு முன்னால் உள்ள குறிச்சொல்: 'இன்ஃபார்மல்' என்றால் நண்பர்களிடம் பேசலாம், 'ஸ்லாங்' என்றால் எந்தக் கூட்டம், எந்த நாடு என்று விசாரித்துப் பேசவேண்டும், 'அஃபென்சிவ்' என்றால் தொடவே வேண்டாம்.

'ஜஸ்ட் டெசர்ட்ஸ்' என்பதில் பாலைவனம் எங்கே வந்தது? இனிப்பா?
– வாசகர், திருச்சி

இரண்டும் இல்லை. 'டிசர்வ்' என்ற வினையின் உறவு அது. தகுந்த பலன் என்று பொருள். எழுத்தில் ஒரே எஸ், பாலைவனம் போல. அழுத்தம் இரண்டாம் அசையில், இனிப்பு போல: 'டிஸர்ட்ஸ்'. இரண்டு எஸ் போட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாயசமாகிவிடும்; அந்தப் பெயரில் ஓட்டல் வைப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.