ஒரு படிகம், எத்தனை நிறம்?

கேள்வி: லேசர் என்றாலே ஒரே நிறம்தான் என்று படித்திருக்கிறேன். வேண்டிய நிறத்துக்கு மாற்றிக்கொள்ளும் லேசர் உண்டு, அதற்குள் ஒரு படிகம் இருக்கிறது என்கிறாள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் மகள். உண்மையா?

பதில்: உண்மைதான். பதினோரு வருடமாக அந்தப் படிகத்தைத் திருப்புவதுதான் என் வேலை.

எங்கள் லேசர் தருவது 355 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. அது மாறாது. அதை பிபிஓ என்கிற பேரியம் போரேட் படிகத்துக்குள் அனுப்புகிறோம். விரல் நகம் அளவுதான். பார்க்கச் சாதாரணக் கண்ணாடித் துண்டு. உள்ளே போகும் ஒளித்துகள்களில் சில, இரண்டிரண்டாகப் பிரிகின்றன. ஒரு துகளின் ஆற்றலை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், கூடவோ குறையவோ கூடாது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும். ஒன்று 500 நானோமீட்டர் பச்சை என்றால், மற்றது சுமார் 1224 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஒன்று 600 என்றால் மற்றது சுமார் 869.

சரி, யாருக்கு எவ்வளவு பங்கு? படிகம் நிற்கும் கோணம்தான் அதைச் சொல்கிறது. படிகத்துக்குள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் போகும். வழிநெடுகப் பிறக்கும் அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போனால் ஒளி வலுக்கும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு கோணத்தில் ஒரு ஜோடிக்குத்தான் அந்தப் பொருத்தம் வாய்க்கும். அப்புறம் இருபுறமும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளுக்கு நடுவே போய்வந்து அந்த ஒளி பலமடங்காகிறது.

படிகத்தின் கோணத்தை மாற்றும் திருகை மெல்லத் திருப்பியபடி, வெள்ளைக் காகிதத்தில் விழும் புள்ளியைக் கேமரா திரையில் பார்ப்பேன். நேரில் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பச்சை மஞ்சளாகும், ஆரஞ்சாகும், சிவப்பாகும். நடுவில் எங்கும் துண்டு விழாது. இன்றைக்கும் அலுக்கவில்லை.

படிகம் லேசரின் நிறத்தை மாற்றும் என்று 1961-இல் முதலில் காட்டியது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனின் குழு. ரூபி லேசரின் சிவப்பைக் குவார்ட்ஸ் வழியே அனுப்ப, பாதி அலைநீளத்தில், 347 நானோமீட்டரில், மங்கலாக ஒரு புள்ளி பதிவானது. கட்டுரை அச்சானபோது அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. 1965-இல் பெல் ஆய்வகத்தில் ஜியோர்ட்மெயினும் மில்லரும் லித்தியம் நியோபேட் படிகத்தின் சூட்டை ஏற்றியிறக்கியே அலைநீளத்தை மாற்றிக் காட்டினார்கள்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: பிபிஓவுக்கு ஈரம் ஆகாது. ஒருமுறை மூடியைச் சரியாக மூடாமல் போய்விட்டேன். சில வாரத்தில் அதன் முகம் பாலேடு படிந்ததுபோல மங்கிவிட்டது. மறுபடி மெருகேற்ற அனுப்ப வேண்டியதாயிற்று.