குவாண்டம் கணிமையின் அடிப்படையைக் கணினி விஞ்ஞான மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருடம் படிப்பதாகவும், பௌதிகவியல் உயர்தரத்தோடு நின்றுவிட்டதாகவும், அதை வைத்துக்கொண்டு குவாண்டம் கணிமையைப் படிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவருக்குச் சிக்கலெண், தாயம், காவி, நிகழ்தகவு ஆகிய நான்கும் ஏற்கெனவே பழக்கமானவை. தொடங்குவதற்கு அவையே போதும்.

குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும் என்ற வாக்கியத்தைத்தான் எல்லோரும் முதலில் கேள்விப்படுகிறோம். நான் பல மாதங்கள் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். சுண்டிவிட்ட நாணயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதை அது சொல்வதில்லை. நிகழ்தகவு ஒருபோதும் மறைப் பெறுமானம் எடுக்காது. ஆனால் கியூபிட்டின் நிலையைக் குறிக்கும் வீச்சம் மறையாகவும், சிக்கலெண்ணாகவும் இருக்கலாம். இரணைமடுக் குளத்தில் இரண்டு கற்களை அருகருகே எறிந்தால், ஓர் அலையின் முடியும் மற்றதன் தாழியும் சந்திக்கும் இடத்தில் நீர் அசையாது நிற்கும். உயர்தரத்தில் தலையீடு என்று படித்த அதே விடயம்தான் குவாண்டம் கணிமையின் உயிர்.

இதை ஒரு தாளில் செய்து பாருங்கள். 0 நிலையிலுள்ள கியூபிட்டை, அதன் நிலையை மாற்றும் அடிப்படைச் செயல்களில் ஒன்றான ஹடமார்ட் படலையினூடாக ஒருமுறை அனுப்பினால், 0, 1 இரண்டுக்கும் வீச்சம் 1/√2 ஆகும். வீச்சத்தின் மட்டுப் பெறுமானத்தை வர்க்கித்தால் வருவது நிகழ்தகவு, எனவே பாதிக்குப் பாதி. அளவிடாமல் இன்னொருமுறை அதே படலையினூடாக அனுப்புங்கள். விடை 1 ஆவதற்கு இரண்டு வழிகள் உண்டு: 0 வழியாக வருவதன் வீச்சம் +1/2, 1 வழியாக வருவதன் வீச்சம் −1/2 (1 இலிருந்து 1 க்குச் செல்லும்போது ஹடமார்ட் குறியை மாற்றுகிறது). இரண்டும் கூடிப் பூச்சியமாகிவிட, 0 மட்டுமே எஞ்சுகிறது. இரண்டு முறை சுண்டிய நாணயம் இப்படி உறுதியாகத் தொடக்க நிலைக்குத் திரும்பாது. தவறான விடைகளின் வீச்சங்கள் ஒன்றையொன்று அழிக்கும்படி படலைகளை ஒழுங்குபடுத்துவதே குவாண்டம் வழிமுறை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அடுத்ததாக, ஆயத்தமாக உள்ள நூலகம் எதையும் தொடாமல், கியூபிட்டுகளின் நடத்தையைச் சாதாரண கணினியில் கணித்துக் காட்டும் ஒரு சிறிய பாவனையாக்கியைப் பைதனில் நீங்களே எழுதுங்கள். நான் முதலில் ஒவ்வொரு படலையையும் முழுத் தாயமாக விரித்து எழுதினேன். 14 கியூபிட்டுக்கு 16384 நிரையும் அத்தனை நிரலும் வரும். ஒரு சிக்கலெண்ணுக்கு 16 பைட் என்று பார்த்தால் தாயம் மட்டுமே 4 ஜிகாபைட், என் மடிக்கணினியின் நினைவகமும் அவ்வளவுதான். தாயத்தை விரிக்காமல், எல்லா வீச்சங்களையும் வரிசையாகக் கொண்ட நிலைக் காவியின் உறுப்புகளைச் சோடி சோடியாக எடுத்துப் பெருக்கும்படி மாற்றியபோது, 25 கியூபிட்டின் காவி 512 மெகாபைட்டுக்குள் அடங்கியது. ஆனால் ஒரு கியூபிட் கூடும்போதெல்லாம் அது இரட்டிக்கிறது. 30 இல் 16 ஜிகாபைட். குவாண்டம் தொகுதியைப் பாவனை செய்யக் குவாண்டம் கணினியே வேண்டும் என்று 1981 இல் பௌதிகவியலாளர் ஃபெய்ன்மன் வாதிட்டதன் பொருளை இப்படித்தான் நான் உணர்ந்தேன்.

பிறகு, எளிய குவாண்டம் வழிமுறைகளில் ஒன்றான டொயிச் வழிமுறை, அதன்பின் நான்கு பொருள்களில் ஒன்றை ஒரே வினவலில் உறுதியாகக் கண்டுபிடிக்கும் குரோவர் வழிமுறை (1996) என்று போகலாம். பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் சோரின் 1994 ஆம் ஆண்டு வழிமுறைக்கு அவசரப்பட வேண்டாம். அதற்குமுன் எண் கோட்பாடும் ஃபூரியர் உருமாற்றமும் நன்றாகப் பிடிபட வேண்டும்.

ஐபிஎம் 2016 முதல் இணையம் வழியாக உண்மையான குவாண்டம் கணினிகளைப் பாவிக்க விடுகிறது. மேலே சொன்ன இரட்டை ஹடமார்ட் சுற்றை, ஐபிஎம்மின் பைதன் நூலகமான கிஸ்கிட்டில் எழுதி அங்கே ஓட்டுங்கள். இரண்டு படலைகளுக்கும் நடுவே, அவற்றைச் சேர்த்துச் சுருக்கவிடாமல் தடுக்கும் பாரியர் (barrier) ஒன்றை இட மறக்கவேண்டாம். இல்லையேல் அவை ஒன்றையொன்று நீக்குவதைக் கண்டு கிஸ்கிட்டே அவற்றை அகற்றிவிடக்கூடும். ஆயிரம் முறை ஓட்டினால் உங்கள் பாவனையாக்கி ஒருபோதும் காட்டாத 1 அங்கே இடைக்கிடை தோன்றும். அந்த 1 எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கும்போது இரைச்சலும் வழுத் திருத்தமும் உங்கள் அடுத்த பாடமாக வந்து நிற்கும்.