கையெழுத்து வாங்கினால் பாடம் முடிந்துவிடுமா?

கேள்வி: புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றுகிறேன். மருந்துப் பிழைகளைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பு நடத்தி, வந்தவர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். ஆனாலும் அதே வகைத் தவறுகள் மறுபடியும் நேர்கின்றன. எப்படிக் கற்பித்தால் மனத்தில் நிற்கும்?

பதில்: கையெழுத்து, வருகைக்குத்தான் சான்று. கீமோதெரபி மருந்துகளில் குணமளிக்கும் அளவுக்கும் உடலைக் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதும், உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடுவதால் நோயாளிக்கு நோயாளி டோஸ் மாறும் என்பதும் உங்கள் ஊழியர்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்தவர்களிடமே பிழை நேர்கிறது என்பதால், விரிவுரையைக் குறைத்துவிட்டு மருந்துச்சீட்டை மேசைமேல் வையுங்கள்.

'சைக்ளோபாஸ்பமைடு 4 கிராம், 1 முதல் 4 நாட்கள்' என்று ஒரு பயிற்சிச் சீட்டு எழுதி ஐந்து பேரிடம் கொடுத்து, முதல் நாளில் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்பதைத் தமக்குள் பேசிக்கொள்ளாமல் எழுதச் சொல்லுங்கள். 1 கிராம் என்றும் எழுதலாம், 4 கிராம் என்றும் எழுதலாம். சீட்டு இரண்டுக்கும் இடம் தருகிறது. 1994-இல் பாஸ்டனின் டானா-ஃபார்பர் மருத்துவமனையில், நான்கு நாட்களுக்குப் பிரித்துத் தரவேண்டிய இதே மருந்தின் மொத்த அளவு ஒவ்வொரு நாளும் தரப்பட்டதால், நலவாழ்வுப் பத்தி எழுதிவந்த பத்திரிகையாளர் பெட்சி லேமன் உயிரிழந்தார். பயிற்சியை முடித்த பிறகு இதைச் சொல்லுங்கள். முன்பே சொன்னால் எல்லாரும் எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

அடுத்த சீட்டில், தினமும் உண்ணவேண்டிய மெர்காப்டோபியூரினையும் வாரம் ஒருமுறை மட்டும் உண்ணவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இவை சேர்ந்தே வரும். 'எந்தக் கிழமை?' என்று கேட்டு, 'செவ்வாய் மட்டும்' என்பதுபோல் எழுதி வாங்கும் வரை மாத்திரையைத் தராமலிருப்பதே இங்கு பாடம்.

இருவர் சரிபார்க்கும் முறையையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். "ஆயிரத்து ஐந்நூறு மில்லிகிராம், சரிதானே?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் தலையாட்டுவது பல வார்டுகளில் சரிபார்ப்பாகக் கருதப்படுகிறது. முதலாமவரின் விடையைப் பார்க்காமல், உயரம், எடையிலிருந்து தொடங்கி இரண்டாமவர் தாமே கணக்கிட்டால்தான் அது சரிபார்ப்பு. நேரமில்லை என்பார்கள், அந்த நேரத்தை ஒதுக்கித் தருவது உங்கள் பொறுப்பு.

சில பிழைகளுக்குப் பயிற்சி போதாது என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். சிரை எனும் ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றவேண்டிய வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, முதுகுத்தண்டில் செலுத்தும் மருந்துகளோடு ஒரே மேசையில் சிரிஞ்சில் காத்திருந்தால், கை மாறிய ஒரு நொடியே நோயாளியின் உயிரைப் பறித்துவிடும். ஆகவேதான் அதைச் சிரிஞ்சில் நிரப்பாமல் மினிபேக் எனும் சிறு திரவப் பையில் மட்டுமே தயாரிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வலியுறுத்தியது. அந்தப் பையை யாரும் தவறுதலாக முதுகில் ஏற்றத் துணியமாட்டார்கள்.

கேள்வி: தவறு செய்தவரைத் தண்டித்தால்தானே மற்றவர்களுக்கு அச்சம் இருக்கும்?

பதில்: அச்சம் இருக்கும், ஆனால் அது தவறை மறைப்பதற்கே உதவும். தெரிந்தே விதியை மீறியவர் வேறு, கார்போபிளாட்டினுக்குப் பக்கத்து அடுக்கில் ஒரே மாதிரிப் பெட்டியில் இருந்த சிஸ்பிளாட்டினை எடுத்துவிட்டு, ஏற்றுவதற்கு முன் கண்டுபிடித்துச் சொன்னவர் வேறு. இரண்டாமவருக்கு நன்றி சொல்லி, அன்றே அந்தப் பெட்டிகளை வெவ்வேறு அடுக்குக்கு மாற்றுங்கள். மறுநாள் பணி மாறும் நேரத்தில் அவர் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் மற்றவர்களிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள்.