கிணற்றடியில் தொடங்கலாம்

வணக்கம் அக்கா,

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாள்களிலிருந்து ஒரு யோசனை என்னை விட்டுப் போகவில்லை. எங்களுக்கு அரை ஏக்கர் வளவு, கிணறு, இரண்டு மாடுகள் இருக்கின்றன. கடன் எடுத்துக் கூரையில் சோலர் போட்டு, காஸ் சிலிண்டரையும் விட்டுவிட்டு, எண்ணெயை நம்பாமல் வாழலாம் என்கிறேன். அம்மாவோ, "பொருளாதாரத் தடைக் காலத்தில் பட்டது போதாதா?" என்று கோபிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள தம்பி,

அம்மாவின் கோபம் நியாயமானது. தொண்ணூறுகளில், போரின்போது வடக்குக்கு எரிபொருள் வராமல் தடுத்திருந்த அந்தக் காலத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விற்ற விலையில் தொட ஏலாது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய், மூடியில் துளைபோட்டுச் செருகிய திரி, இவ்வளவுதான் விளக்கு. அதைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படித்தோம், விடியும்போது மூக்கெல்லாம் கரி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டோம். அதை யாராவது தற்சார்பு என்று புகழ்ந்தால் எனக்கு மனம் நோகும். நீங்கள் விரும்பிச் செய்யப் போகிறீர்கள், இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, இனிக் கணக்கு. காஸ் கதையைப் பிறகு பார்ப்போம், முதலில் கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடுகிறோமே, அந்தத் தண்ணீர் மிசின்தான் தோட்டம் செய்கிற வீட்டில் எண்ணெயைக் குடிப்பது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது, எங்கள் மிளகாய்க்கு ஒன்றுவிட்டு ஒரு முறைதான் தண்ணீர் கட்ட முடிந்தது. ஆகவே கடன் எடுப்பதானால் ஒரு சின்ன சோலர் பம்ப்புக்கும் உயரத்தில் ஒரு தொட்டிக்கும் எடுங்கள். வெயிலோடு தொட்டி நிரம்பும், பின்னேரம் தண்ணீர் தானாக இறங்கும், பற்றறி வேண்டாம். பற்றறிதான் கெதியில் பழுதாகிற சாமான்.

அடுத்தது யூரியா. அதுவும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. வேலியெல்லாம் சீமைக்கிளுவை நட்டு, குழையை வெட்டிப் பாத்திக்குள் தாழுங்கள். ஆனால் யூரியாவை ஒரே போகத்தில் நிறுத்திவிடாதீர்கள். 2021இல் இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து வயல்கள் என்ன பாடுபட்டன என்று நாங்கள் கண்டவர்கள்.

சாண எரிவாயு நல்லதுதான். 25 கிலோ சாணத்தில் ஏறத்தாழ 1 கன மீட்டர் வாயு வரும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அடுப்பு எரிக்கலாம். ஆனால் எங்கள் மாடுகள் பகல் முழுக்க வெளியில் மேய்கின்றன, இராச் சாணம்தான் கைக்கு வரும், இரண்டு மாட்டில் அது காணாது. பக்கத்து வீட்டு மாடுகளையும் சேர்த்து இரண்டு வீட்டுக்குமாக ஒன்று கட்ட முடியுமா என்று கதைத்துப் பாருங்கள். அதுவரை குறைந்த விறகில் எரிகிற இரண்டு வாய் மண் அடுப்பான அனகி, காய்ந்த பனைமட்டை, தென்னம்பாளை. புகை போக யன்னல் இருக்க வேண்டும், சமைப்பது அம்மா அல்லவா. சிலிண்டரையும் மாரிக்கென்று வைத்திருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம், பம்ப் வாங்க ஓடாதீர்கள். ஆவணி முடிவில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே போகிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். எந்த அளவு பம்ப் என்பது அதைப் பொறுத்தது.